தொண்ணூற்றைந்து டிகிரி

சென்னையில் சித்திரை மாதம் பிறந்துவிட்டால் வெயிலைப் பற்றிப் பேசாத மனிதன் கிடையாது. பேசுவதனால் ஒரு டிகிரிகூடக் குறையப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் பேசுவோம். ஆனால் எண்ணைச் சொல்லிப் பேசுகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே தரப்பினர். ஒன்று, நுங்கம்பாக்கத்து வானிலை நிலையத்தார். மற்றது, என் தங்கையின் மகன். அவர்கள் ஊருக்கு உஷ்ணம் பார்க்கிறார்கள். இவன் தன் கம்ப்யூட்டருக்கு உஷ்ணம் பார்க்கிறான்.

கம்ப்யூட்டர் என்றதும் ஆபீஸ் மேஜைமேல் சாதுவாக உட்கார்ந்து கணக்கு எழுதும் பெட்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது விளையாடுவதற்கென்றே அவன் தன் கையால் கூட்டிச் செய்தது. முதல் உத்தியோகத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் மிச்சம் பிடித்த பணம் ஒன்றேகால் லட்சம். அதை எடுத்துக்கொண்டு 2024-ஆம் வருஷம் ஜனவரியில் ரிச்சி தெருவுக்குப் போனான். நாலு சனிக்கிழமை போனான். மதர்போர்டு ஒரு கடையில், கிராபிக்ஸ் கார்டு ஒரு கடையில், கேபினெட் என்கிற கூடு இன்னொரு கடையில் என்று பேரம் பேசி வாங்கி வந்தான். என் தங்கை தன் கல்யாணப் பட்டுக்குக்கூட அவ்வளவு கடை ஏறி இறங்கியதில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் பாயை விரித்து, அத்தனையையும் பரப்பி வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் பூட்டி முடித்தான். பொத்தானை அழுத்தியதும் உள்ளே பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் எரிந்து, கோயில் திருவிழாப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. அந்த விளக்குகளால் யந்திரத்துக்கு எந்த லாபமும் இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். லாபம் இல்லாத விஷயத்துக்குப் பணம் செலவழிப்பதைக் கதை எழுதிப் பிழைக்கிறவன் கண்டிக்க முடியுமா? பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தத் திரையின் மூலையில் எந்நேரமும் ஒரு எண் தெரிந்துகொண்டிருக்கும். பிராசசர் என்கிற மூளைச் சில்லின் சூடு. ஜனவரியில், விளையாட்டு மும்முரமாக இருக்கும்போது எண்பத்து நாலு. மே மாதத்தில் தொண்ணூற்றைந்து. சில்லைச் செய்தவர்கள் வைத்திருக்கும் எல்லை நூறு. அன்று அவன் முகத்தைப் பார்த்த நான், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே எண்ணினேன்.

"தொண்ணூற்றைந்து போயிடுச்சு மாமா" என்றான்.

கட்டிலில் படுத்திருந்த அவனுடைய தாத்தா தலையைத் தூக்கி, "தொண்ணூத்தஞ்சுதானே? நார்மலே தொண்ணூத்தெட்டரை ஆச்சே! ஜுரமே இல்லையே!" என்றார்.

ஜுரத்தை ஃபாரன்ஹீட்டிலும் வெயிலைச் சென்டிகிரேடிலும் சொல்லிப் பழகிய தேசம் நம்முடையது. பெரியவர் சொன்னதில் குற்றமில்லை. பையன் சொன்னது சென்டிகிரேட். இன்னும் ஐந்து டிகிரி ஏறினால் வெந்நீர் கொதிக்கும்.

இந்தச் சமாசாரம் ஏன் இப்படிச் சூடாகிறது என்று நான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிராசசர் ஏறத்தாழக் கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிலிக்கான் துண்டு. அதற்குள் ஓடும் மின்சாரத்தில், விளையாடும்போது, சுமார் நூற்றிருபது வாட் செலவாகிறது. செலவாகிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் உஷ்ணமாகத்தான் மாற வேண்டும். வேறு கதி அதற்குக் கிடையாது. நூற்றிருபது வாட் என்ன பிரமாதம், பழைய குண்டு பல்புக்குச் சமானம் என்று தோன்றும். ஆனால் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி அந்த உஷ்ணத்தை ஓர் உள்ளங்கைக்கு மேலான தகட்டில் பரப்பிக்கொள்கிறது. இது நகத்தளவு இடத்தில் வைத்துக்கொண்டு தவிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சதுர அங்குலத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், இஸ்திரிப் பெட்டியைப்போல் எட்டு ஒன்பது மடங்கு வருகிறது.

ஆதியில் இந்தக் கஷ்டமே இருந்ததில்லை. 1980-களில் வந்த சில்லுகளுக்கு விசிறியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. திறந்த மேனியாக உட்கார்ந்து வேலை செய்தன. 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஓர் ஆறுதலான சூத்திரத்தைச் சொன்னார்கள். சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், அவற்றுக்குத் தேவையான மின் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். ஆகையால் எத்தனை நெருக்கி அடைத்தாலும் சதுர அங்குலத்துச் சூடு ஏறாது என்பது அதன் சாரம். முப்பது வருஷம் உலகம் அந்த வாக்கை நம்பிப் பிழைத்தது. சிறுத்துச் சிறுத்து ஒரு நிலைக்கு வந்த பிறகு மின்சாரம் கசிய ஆரம்பித்தது. அழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. 2001-இல் இன்டெல் நிறுவனத்தின் பாட் கெல்சிங்கர் பொறியாளர் சபை ஒன்றில் எச்சரித்தார்: இதே போக்கில் போனால் 2005-க்குள் சில்லின் சூட்டு நெருக்கம் அணு உலையை எட்டும், 2010-க்குள் ராக்கெட்டின் வாயை எட்டும், 2015-க்குள் சூரியனின் மேற்பரப்பை எட்டும் என்று. சூரியனை மேஜைமேல் வைத்துக்கொண்டு யார் கணக்கு எழுதுவது? 2004 அக்டோபரில் அதே நிறுவனத்தின் தலைவர் கிரெய்க் பாரெட், வேகமான சில்லு ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டதற்காக, ஒரு பெரிய சபையின் முன் மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கையாகத்தான் செய்தார் என்றாலும் மண்டியிட்டது மெய். உஷ்ணத்தின் முன் மண்டியிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் ஒரே குதிரையை மேலும் மேலும் விரட்டுவதை விட்டு, இரண்டு குதிரை, நாலு குதிரை, எட்டுக் குதிரை என்று ஒரே சில்லுக்குள் பூட்ட ஆரம்பித்தார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

பையனின் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942-இல் பிறந்தவர். விழுப்புரம் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, பயர்மேனாகி, டிரைவராகி, நீராவி போய் டீசல் வந்த பிறகும் ஓட்டி, 2000-இல் ஓய்வு பெற்றவர். மீட்டர்கேஜ் இஞ்சினின் வாய்க்குள் நிலக்கரி வாரிப் போட்ட கை. முழங்கைக்குக் கீழே இன்றைக்கும் தீத் தழும்புகள் இருக்கின்றன. தங்கை வீடு மாம்பலத்தில், மொட்டை மாடிக்குக் கீழ்த் தளத்தில் இரண்டு அறைப் பகுதி. ஓர் அறையில் தங்கையும் அவள் கணவரும், ஏ.ஸி. இருப்பது அங்கே. மற்றோர் அறையில் பெரியவரும் பேரனும். ஏ.ஸி. காற்றுப் பட்டால் பெரியவருக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். ஆகவே இந்த அறையில் மின்விசிறி மட்டுந்தான். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடித் தளம் இராத்திரி பத்து மணிக்குமேல் அதைத் திருப்பிக் கொடுக்கும். அந்த அறையின் ஒரு சுவரோரம் பெரியவரின் கட்டில். எதிர்ச் சுவரோரம் பேரனின் பந்தல்.

தொண்ணூற்றைந்தைக் கண்ட பையன் சும்மா இருக்கவில்லை. முதலில் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடிப் பார்த்தான். எண்பத்தாறு. இது நல்ல பரீட்சை. வீட்டில் பெட்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்து பார்க்கலாம். கதவைத் திறந்ததும் சூடு இறங்கினால் குற்றம் சில்லில் இல்லை, காற்றோட்டத்தில் என்று அர்த்தம். அவன் வாங்கிய கூட்டின் முகப்பு முழுவதும் கண்ணாடி. பார்க்க அழகு. ஆனால் விசிறிகள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு எங்கிருந்து காற்றை இழுக்கும்? பக்கத்து இடுக்குகளில் வந்த கொஞ்சத்தையும் ஒன்றுக்கொன்று பிடுங்கிக்கொண்டன.

பெரியவர் இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாக அந்தப் பெட்டியை அவர் ஒரு பிசாசைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது, "காத்து எங்க உள்ள வருது? எங்க வெளிய போவுது?" என்றார். பையன் காட்டினான். "கீழ சாம்பப் பொட்டி கதவைச் சாத்திட்டு நெருப்பு நல்லா எரியலைன்னா எப்படிடா எரியும்?" என்றார். உபமானம் தலைகீழ்தான், இங்கே நெருப்பு எரிவதல்ல, அணைவதுதான் தேவை. ஆனாலும் காற்றுப் போகும் வழி இரண்டுக்கும் ஒன்றே. மறுநாள் இருவரும் ஆட்டோவில் போய், ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு அடிக்கும் கம்பி வலை வாங்கி வந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வலையைப் பொருத்தினார்கள். பெரியவருக்குக் கை நடுங்குகிறது. அளவெடுக்கிற கண் நடுங்கவில்லை. இன்னும் இரண்டு விசிறி சேர்த்தான். முன்புறம் உள்ளே இழுக்க, பின்புறமும் மேற்புறமும் வெளியே தள்ள. கதவை மூடியபடியே எண்பத்தைந்து.

பிறகு பேஸ்ட். சில்லின் தலைமேல் உட்காரும் செப்புப் பாளமும் சில்லின் மூடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுட்பமாகப் பார்த்தால் இரண்டும் மேடு பள்ளம். பள்ளத்தில் நிற்பது காற்று. காற்றைப் போல உஷ்ணத்தைக் கடத்த மறுக்கும் சோம்பேறி வேறில்லை. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் சாம்பல் நிறத்தில் ஒரு பசை தடவுகிறார்கள். தடவுவதிலும் கட்சிகள் உண்டு: பட்டாணி அளவு என்பார் ஒருவர், குறுக்கே பெருக்கல் குறி என்பார் ஒருவர், கத்தியால் வெண்ணெய் மாதிரி பூச வேண்டும் என்பார் ஒருவர். சந்தனம் எவ்வளவு இட்டுக்கொள்வது என்பதில்கூட இத்தனை அபிப்பிராய பேதம் நான் கண்டதில்லை. பையன் பழையதைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவினான். இரண்டு டிகிரி குறைந்தது. அவ்வளவுதான். பசையைப் பற்றி நடக்கும் சண்டைக்கு இந்த இரண்டு டிகிரி போதாது என்பது என் கட்சி.

கூலரை வெளியே எடுத்து வைத்திருந்த அந்த அரை மணி நேரந்தான் எனக்குப் பிடித்த அரை மணி. செப்புப் பாளத்திலிருந்து ஆறு குழாய்கள் வளைந்து மேலேறி, அலுமினியத் தகடுகளுக்குள் நுழைகின்றன. பெரியவர் ஒரு குழாயைத் தட்டிப் பார்த்து, "கெட்டியா, பொள்ளலா?" என்று கேட்டார். பொள்ளல். உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டுத் துளி நீர் விட்டு அடைத்திருக்கிறார்கள். சூடான முனையில் அந்த நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே உஷ்ணத்தை விட்டுவிட்டுத் தண்ணீராகி, உட்சுவரில் இருக்கும் திரி போன்ற நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வருகிறது. விசை கிடையாது, பம்பு கிடையாது. 1963-இல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் செய்து காட்டிய உபாயம் இது.

"நூறு டிகிரி ஏறாம தண்ணி எப்படிக் கொதிக்கும்?" என்றார் பெரியவர். கேட்டுவிட்டு, பையன் வாயைத் திறப்பதற்குள் தாமே பதிலும் சொன்னார். "ஓ... காத்தை எடுத்துட்டானா? பாய்லர்ல அழுத்தம் ஏத்தினா கொதிக்கிற சூடும் ஏறும். இவன் இறக்கிட்டான். கெட்டிக்காரன்!"

எண்பது வயதுக்குமேல் ஒருவர் ஒரு புதிய விஷயத்தைப் புரிந்துகொள்ளும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்று பார்த்தேன்.

அன்றிரவு பேச்சு லெட் பிளக்குக்குப் போயிற்று. சூடு எல்லை மீறினால் சில்லு என்ன ஆகும் என்று பெரியவர் கேட்டதிலிருந்து வந்தது அது. இப்போதைய சில்லுகள் எல்லை நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பெட்டியையே அணைத்துவிடும். இந்தப் புத்தி எல்லாச் சில்லுகளுக்கும் பிறவியில் வந்ததல்ல. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற பத்திரிகைக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களிலிருந்து கூலரைப் பிடுங்கிப் படம் எடுத்துக் காட்டினார்கள். அதில் ஒரு வகைச் சில்லு வேகம் குறைந்து பிழைத்தது. இன்னொரு வகை சில விநாடிகளில் புகைந்து செத்தது. பையன் அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காண்பித்தான்.

பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க இஞ்சின்ல நெருப்புக்கு மேல்கூரையில ஒரு ஓட்டை இருக்கும். அதை ஈயத்தால அடைச்சிருப்பான். மேலே தண்ணி இருக்கிற வரைக்கும் ஈயம் உருகாது. டிரைவரும் பயர்மேனும் அசந்துபோய் தண்ணி வத்திப்போச்சுன்னு வையி, ஈயம் உருகி விழும். நீராவி நெருப்புமேல கொட்டும். இஞ்சின் பொழைச்சிடும், நம்ம வேலை போயிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு தடவை, எங்கூட இருந்த ஆளு தூங்கிட்டான். தண்ணி கண்ணாடியில கடைசி அரை அங்குலம் இருக்கும்போது நான் பார்த்தேன். இன்னைக்கும் கனவுல அந்தக் கண்ணாடி வரும்" என்றார். பேரன் அதுவரை அந்தக் கதையைக் கேட்டதில்லையாம். இருபத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்றில் எல்லாரும் திருப்தி அடைந்தோம். இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அடுத்த வாரத்தில் இரண்டு நாள் பெரியவர் காலையில் எழுந்திருக்கும்போது தலை சுற்றிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு ஒரு கேள்வி: "ராத்திரி படுக்கிற ரூம் எப்படி?" வயதானால் வியர்வை குறைந்துவிடும், தாகமும் சரியாகத் தெரியாது, பகல் சூட்டை இராத்திரியில்தான் உடம்பு இறக்கி வைக்க வேண்டும், இராத்திரியும் சூடாகவே இருந்தால் எங்கே இறக்கும் என்று விளக்கினார். பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை சமையலறைச் சுவரில் தொங்கிய உஷ்ணமானியைக் கழற்றிக்கொண்டு போய் அந்த அறையில் மாட்டினாள். இராத்திரி பதினொரு மணிக்கு, பெட்டி ஓடும்போது, முப்பத்தாறு. அதே நேரத்தில் மொட்டை மாடியில் முப்பத்தொன்று.

இங்கேதான் பெட்டியின் உள்ளே ஊதிக்கொண்டிருந்த அத்தனை விசிறிகளின் குட்டும் வெளிப்பட்டது. விசிறி உஷ்ணத்தைக் கொல்வதில்லை, இடம் மாற்றுகிறது. சில்லிலிருந்து செப்புக்கு, செப்பிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து அறைக்கு. எத்தனை சாமர்த்தியமாகச் சில்லைக் குளிர வைத்தாலும் அறைக்கு வந்து சேரும் உஷ்ணம் ஒரு வாட்கூடக் குறையாது. சுவரில் செருகி வாட் கணக்குப் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றைப் பையன் வாங்கி வந்தான். விளையாடும்போது மொத்தப் பெட்டியும் திரையும் சேர்ந்து நானூற்றைம்பது வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு விடும் சூடு ஏறக்குறைய நூறு வாட். அதாவது, தாத்தா தூங்கும் அறைக்குள் நாலரை ஆட்களைக் கூட்டி வந்து இராத்திரி ஒரு மணிவரை உட்கார வைத்ததற்குச் சமானம்.

என் தங்கையின் கணவர் அதிகம் பேசாதவர். "வித்துடு" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் மேல் தப்பில்லை. தகப்பனாரின் உயிர் பெரியதா, பெட்டி பெரியதா? பையனும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு வருஷச் சேமிப்பை விற்பது என்றால் பாதி விலைக்குத்தான் போகும். அவன் மௌனமாகப் போனை எடுத்து விளம்பரம் எழுத உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தன் கையால் செய்த ஒன்றை விலைக்கு வைக்கிறவனின் முகம் வேறு மாதிரி இருக்கிறது. அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று வரி எழுதியிருந்தான்.

பெரியவர் கட்டிலிலிருந்தே கேட்டார்: "எதுக்கு விக்கணும்? உன் இஞ்சினுக்குப் புகைபோக்கி வீட்டுக்குள்ள இருக்கு, அதான் சங்கதி. இஞ்சின் சூடேறிச்சுன்னா முதல்ல என்னடா செய்யணும்?"

"ஃபேன் போடணும்."

"நெருப்பைக் குறைக்கணும்."

அன்றுவரை பையன் செய்ததெல்லாம் பிறந்த சூட்டை விரட்டும் வேலை. சூடு பிறப்பதையே குறைக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வேகம் போய்விடுமே என்று தொடாமல் இருந்தான். அன்றிரவு தொட்டான். சில்லுக்குக் கொடுக்கும் மின் அழுத்தத்தைச் சிறிது இறக்கினான். எண்பது வாட்டுக்குமேல் இழுக்கக் கூடாது என்று கடிவாளம் போட்டான். இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. சில்லில் செலவாகும் மின்சாரம் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை; அழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கடைசிக் கொஞ்ச வேகத்தைப் பிடிக்க அழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் கொஞ்சத்துக்கு ஆகும் செலவு கொள்ளை. பெரியவருக்கு இதைச் சொன்னபோது, "கடைசி அஞ்சு மைல் வேகத்துக்குத்தானே நிலக்கரி எல்லாம் போவும்" என்று, தெரிந்த சேதியைக் கேட்பவர் போலத் தலையாட்டினார்.

அதைவிடப் பெரிய தீனிப் பண்டாரம் பிராசசர் அல்ல, கிராபிக்ஸ் கார்டு. படம் வரைவது அது. திரை விநாடிக்கு நூற்று நாற்பத்து நாலு படம் காட்டக்கூடியது. பழைய விளையாட்டுகளில் கார்டு இருநூறு, முந்நூறு என்று வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. திரை காட்ட முடியாத படங்கள் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். வரைந்த உஷ்ணம் மட்டும் தாத்தாவின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. நூற்று நாற்பத்து நாலுக்குமேல் வரையாதே என்று ஒரு கட்டளை. கார்டுக்கும் ஒரு வாட் கடிவாளம்.

மீட்டரில் இருநூற்றுத் தொண்ணூறு. திரையின் மூலையில் அறுபத்தெட்டு. விளையாட்டில் என்ன குறைந்தது என்று கேட்டேன். எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் குறைகிறது, கண்ணால் பார்த்தால் தெரியவில்லை என்றான். விசிறிகளின் சத்தம் பாதியாயிற்று. முன்பெல்லாம் அவை நிமிஷத்துக்கு நிமிஷம் உறுமி அடங்கும். பெரியவர் தூக்கத்தைக் கெடுத்தது சத்தத்தைவிட அந்த ஏற்ற இறக்கந்தான் என்பதை அவர் அப்போதுதான் சொன்னார். இஞ்சின் சத்தத்தில் தூங்கிப் பழகியவருக்கு ஒரே சீரான சத்தம் தாலாட்டு.

அறையில் முப்பத்து நாலு. மிச்சமிருந்த இரண்டு மூன்று டிகிரி மொட்டை மாடித் தளத்தின் சொத்து. அதற்குப் பையன் பொறுப்பில்லை. சாயங்காலம் தளத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையை அவன் தானாகவே எடுத்துக்கொண்டான். கடும் வெயில் நாட்களில் பதினொரு மணிக்கே பெட்டியை அணைத்தான். தலைசுற்றல் நின்றதற்கு இவற்றில் எது காரணம், தம்ளர் கணக்காக என் தங்கை மிரட்டிக் குடிக்க வைத்த மோர் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் அல்ல. நின்றது. விளம்பரம் அந்த மூன்று வரியோடு நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் பெரியவர் படுத்துக்கொண்டே, "இன்னைக்கு எவ்வளவுடா?" என்பார். "அறுபத்தேழு தாத்தா" என்று அவன் திரும்பாமலே சொல்வான். தண்ணீர்க் கண்ணாடியைப் பார்க்கிற பயர்மேனிடம் டிரைவர் கேட்கிற மாதிரி இருக்கும்.

டிசம்பரில் ஒரு நாள் மழை விட்ட இராத்திரி அங்கே தங்கினேன். சென்னைக் குளிர் என்பது இருபத்தொன்று டிகிரி; அதற்கே நமக்குக் கம்பளி வேண்டும். பையன் அன்று ஆபீஸிலிருந்து களைத்து வந்து, பெட்டியைத் தொடாமல் படுத்துவிட்டான். விளக்கு அணைந்து கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது:

"டேய், குளிருதுடா. அதைக் கொஞ்சம் ஓட்டேன்."

பையன் முனகிக்கொண்டே எழுந்து பொத்தானை அழுத்தினான். பச்சையும் ஊதாவும் சுவரில் ஏறின.

"அந்தக் கடிவாளத்தையும் எடுத்துடு" என்றார் பெரியவர், போர்வையை இழுத்துக்கொண்டு.